காத்தான்குடி வீடுகளும் காற்றும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், நாவற்குடாவையும் மஞ்சந்தொடுவாயையும் தாண்டியதும் காத்தான்குடியை அடைவர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம் ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான அகலமுடையது. குன்று இல்லை, காற்றை மறிக்கும் காடு இல்லை, ஊர் முழுவதும் மணல். இந்த மணலின் மேல்தான் இலங்கையில் மக்கள் மிக நெருங்கி வாழும் ஊர்களுள் ஒன்று அமைந்திருக்கிறது. இவ்வூரின் வணிகத்தைப் பற்றியும், நெசவைப் பற்றியும், பள்ளிவாயல்களைப் பற்றியும் பேசியோர் பலர். நேயர்களே, நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்வூரின் வீட்டுக் கூரை.

வரலாற்று நூல்களில் கூரைக்கு இடம் கிடைப்பது அரிது. கோட்டை கொத்தளங்களுக்குக் கிடைக்கும் சிறப்பு, குடிமக்கள் தலைக்கு மேல் வேய்ந்துகொண்ட ஓலைக்கும் ஓட்டுக்கும் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு குடும்பம் நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பொருள் ஓரிரவில் அழியுமாயின், இக்கரையோரத்தில் அது பெரும்பாலும் கூரை வழியாகவே அழிகிறது. கூரை போனபின் மழை உள்ளே இறங்குகிறது. மழை இறங்கியபின் நெல், துணி, நூல், பத்திரம், புத்தகம் எதுவும் எஞ்சுவதில்லை.

அதன் இழப்பு எத்தகையது என்பதை அறிய, இங்கே வீடு யாருடையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கீழ்க்கரையில் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவி வருவது ஆய்வாளர் பலர் எழுதிய செய்தியாகும். மகளுக்கு மணம் பேசும்போதே வீடும் பேசப்படும். திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண் தாய்வளவை விட்டுச் செல்வதில்லை. மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்தில் சிறு வீடொன்று கட்டிக்கொண்டு பெற்றோர் ஒதுங்குவதும், அடுத்த மகள் வயதுக்கு வந்ததும் அச்சிறு வீட்டையும் பெருப்பித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் பின்னே ஒதுங்குவதும் வழமை. மூன்று பெண்மக்களைப் பெற்ற வாப்பா ஒருவர் தம் ஆயுளில் மூன்று வீடு கட்டி முடிக்கிறார். கொழும்பிலும் மலைநாட்டிலும் கடை வைத்துத் தேடிய பணமும், பின்னாளில் வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணமும் இவ்வாறே கல்லாகவும் ஓடாகவும் மாறின. ஆகவே இங்கே ஒரு கூரை பறந்தது என்றால், ஒரு பெண்ணின் சீதனம் பறந்தது என்று பொருள்.

இம்முறையினால் வீட்டின் அமைப்பிலும் ஒரு குறை உண்டாயிற்று. வீடு ஒரே காலத்தில், ஒரே கையால் கட்டப்படுவதில்லை. நடுவீடு ஒரு காலத்தில். முன்மண்டபம் இன்னொரு காலத்தில். பக்கத்து அறை அடுத்த பெண்ணின் திருமணத்துக்கு முந்திய ஆண்டில். பழைய கூரையும் புதிய கூரையும் சந்திக்கும் இடங்கள் பல. ஒவ்வொன்றும் வேறு வேறு ஓடாவி செய்த வேலை. காற்றும் மழையும் முதலில் தேடிப் பிடிப்பவை இத்தகைய சந்திப்புகளே.

முற்காலத்துக் கூரை கிடுகு. தென்னோலையை நீரில் ஊறவைத்து, நடுவே பிளந்து, பின்னி, காயவைத்து வேய்வர். கிடுகு வீட்டைப் பற்றி இன்று பேசுவோர் அதன் வறுமையை நினைத்து இரங்குவர். அல்லது அதன் குளிர்ச்சியை நினைத்து ஏங்குவர். இரண்டும் எனக்கு முழு உடன்பாடன்று. கிடுகின் உண்மையான சிறப்பு அது விரைவில் கெட்டுப்போவதில் இருந்தது என்பேன். இது விளையாட்டுப் பேச்சன்று. கிடுகு ஓராண்டு நிற்கும், மிஞ்சினால் இரண்டாண்டு. வடகீழ்ப் பருவ மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை பொழியும் நாடு இது. ஆதலால் ஆவணியிலோ புரட்டாசியிலோ, மாரிக்கு முன்னர், பழைய கிடுகைக் களைந்து புதியதை வேய்ந்தே ஆகவேண்டும். களைந்த அன்று வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் வெயிலில் தெரியும். எந்தக் கைமரத்தைக் கறையான் அரித்தது, எந்த வளை உளுத்தது, எந்தக் கப்பு மண்ணோடு மண்ணாக இற்றது, எந்தக் கட்டு நெகிழ்ந்தது என்பதை வீட்டுக்காரர் மட்டுமன்றி அயலாரும் காண்பர். இற்ற தும்புக்கயிறு அறுத்தெறியப்பட்டுப் புதுக்கயிறு கட்டப்படும். மரத்துக்கும் மரத்துக்கும் இடையே ஆணி அல்ல, கட்டே உறவு. பலத்த காற்று அடிக்கும்போது அக்கட்டுகள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். கிடுகு கிழிந்து போகும். எலும்புக்கூடு பெரும்பாலும் நிற்கும். கிழிந்த கிடுகு யாருடைய தலையில் விழுந்தாலும் உயிர் போவதில்லை.

கிடுகின் பெரும்பகை நெருப்பு. நெருங்கிய வளவுகளில் ஒரு வீட்டு அடுப்புப் பொறி அயல் வீட்டுக் கூரையைத் தேடிச் செல்லும். குப்பி விளக்கு இன்னும் கொடியது. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கு, ஒரு பூனை தட்டினாலும் சாயும். இவ்விளக்கினால் எரிகாயமுற்றோருக்கு நெடுநாள் மருத்துவம் செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சாயாத விளக்கு ஒன்றை ஆக்கி 1992 முதல் பரப்பினார். குட்டையானது, கனமான கண்ணாடியாலானது, சாய்ந்தாலும் உருளாதவாறு இருபுறமும் தட்டையானது, எண்ணெய் சிந்தாதவாறு திருகு மூடி கொண்டது. இவ்வளவே அதன் நுட்பம். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் எங்கும் பரவிய பின்னரும் புயல் இரவுகளில் பழைய போத்தல் விளக்கே மீண்டும் அலுமாரியிலிருந்து இறங்கி வருவதால் இச்செய்தியை இடையில் சொல்லி வைத்தேன்.

நெருப்புக்கு அஞ்சியும், ஆண்டுதோறும் வேயும் செலவுக்கு அஞ்சியும், வசதி வாய்த்தோர் ஓட்டுக்கு மாறினர். அது அறிவுடைய மாற்றமே. அரைவட்டமான நாட்டு ஓடு இலங்கையில் பழமையானது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டை ஓடு பின்னர் வந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் சபையார் தொடங்கிய ஓட்டுத் தொழில் மலையாளக் கரையெங்கும் பரவியது. அங்கிருந்து கப்பலேறி வந்த ஓட்டுக்கு இலங்கையில் கள்ளிக்கோட்டை ஓடு என்ற பெயரே நிலைத்தது. பின்னர் இந்நாட்டிலேயே அவ்வோடு செய்யப்பட்டபோதும் பெயர் மாறவில்லை. ஓடு எரியாது, உக்காது, ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கும்.

ஆனால் ஓடு வந்தபோது ஒரு பழக்கம் போயிற்று. ஆண்டுக்கொரு முறை கூரையில் ஏறும் தேவை இல்லாது போயிற்று. உடைந்த ஓட்டை மாற்ற ஏறியவர் அந்த ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு இறங்கினார். அடியில் உள்ள மரம் எந்நிலையில் இருக்கிறது என்பது இருபது ஆண்டு, முப்பது ஆண்டு யாரும் காணாத செய்தியாயிற்று. கயிற்றின் இடத்தை ஆணி பிடித்தது. பல வீடுகளில் அதுவும் இல்லை: சுவரின் மேல் வளை, வளையின் மேல் கைமரம், அதன் மேல் சலாகை, சலாகையின் மேல் ஓடு, எல்லாம் தத்தம் பாரத்தினாலேயே இருந்தன. பாரமான பொருள் பறக்காது என்பது மக்களின் நம்பிக்கை. கச்சான் காற்றும் சோளகமும் வாடையும் அந்நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. அவை ஓட்டைத் தூக்கும் அளவுக்கு வலியன அல்ல.

அந்நம்பிக்கை இவ்வளவு காலம் நிலைத்ததற்கு வரலாற்றிலேயே விடை உண்டு. 1907 மார்ச்சில் கிழக்குக் கரையைச் சூறாவளி ஒன்று தாக்கியது. அதைக் கண்டவர்கள் பெரும்பாலும் ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். 1964 டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் வீசிய பெரும்புயல் திருகோணமலை, மன்னார்ப் பகுதிகளை அலைக்கழித்து, பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தைச் சிதைத்தது. பயணிகளோடு ஒரு ரயிலைக் கடல் கொண்டது. மட்டக்களப்பார் அச்செய்தியைப் பிறர் துயராகவே கேட்டனர். ஆக, 1907க்கும் 1978க்கும் இடைப்பட்ட எழுபத்தோராண்டில் ஓட்டு வீடு கட்டிய தலைமுறைகள், தம் ஓட்டு வீட்டை உண்மையான சூறாவளியில் சோதித்துப் பார்த்ததில்லை.

சோதனை 1978 நவம்பர் 23ஆம் நாள் வந்தது. அன்று வியாழக்கிழமை, மஃரிபுக்குப் பின் நாளைக் கணக்கிடும் எங்கள் முறைப்படி அது வெள்ளி இரவு. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்பட்ட காற்று மட்டக்களப்புக் கரையோரத்தில் ஏறி, பொலனறுவை வரையும் அதற்கப்பாலும் உள்நாட்டை ஊடறுத்துச் சென்றது. இறந்தோர் தொகை 900க்கு மேற்பட்டது. பாதிக்கப்பட்டோர் பத்து இலட்சம் வரை. சேதமுற்ற வீடுகள் இரண்டு இலட்சத்தைக் கடந்தன. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 28,000 ஏக்கரில் இருந்த தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. நெற்களஞ்சியங்களும் பாடசாலைகளும் கூரையிழந்தன. இந்த எண்களைச் சொல்லிவிட்டுக் கடந்து செல்வது எளிது. கூரையற்ற வீட்டுக்குள் மேசையின் அடியிலும் கட்டிலின் அடியிலும் பிள்ளைகளை இழுத்து வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்த பெண்களிடம் கேட்டால், அவர்கள் காற்றைப் பற்றிச் சொல்வதைவிட ஓட்டைப் பற்றியே அதிகம் சொல்வர். பாரமான பொருள் பறந்தது. பறந்தது மட்டுமன்றி அயல் வீட்டுச் சுவரையும் உடைத்தது.

அது எவ்வாறு பறந்தது? காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதாகப் பலர் எண்ணுவர். உண்மை வேறு. கூரையின் மேலாக விரைந்து செல்லும் காற்று அக்கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. அவ்விழுப்பு முகட்டு ஓரத்திலும் இறவாரத்திலும் மிகக் கடுமையாக இருக்கும். மணிக்கு 110 மைல் வேகக் காற்று தன்னை எதிர்த்து நிற்கும் பரப்பின்மேல் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அழுத்தத்தை ஏற்படுத்தும்; கூரையோரத்து இழுப்பும் அதற்குக் குறைந்ததன்று. கள்ளிக்கோட்டை ஓடு சதுர அடிக்குப் பத்து இறாத்தலைத் தாண்டாது. கணக்கு இவ்வளவே. அதற்குமேல், காற்றுப் பக்கத்துக் கதவோ சாளரமோ உடைந்துவிட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். கட்டப்படாத கூரை இரண்டுக்கும் ஈடுகொடாது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 55 மைல் காற்றைத் தாங்கிய கூரை 110 மைல் காற்றில் இரு மடங்கு மட்டுமே சிரமப்படும் என்று எண்ணுவது தவறு.

சூறாவளியின் நடுப்பகுதி ஓரூரின்மேல் கடந்தால் சிறிது நேரம் காற்று முற்றாக ஓயும். மழை முடிந்தது என்று எண்ணி மக்கள் வெளியே வந்து சிதறிய பொருளைப் பொறுக்கத் தொடங்குவர். பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதற் காற்றில் தளர்ந்த கூரையை இரண்டாம் காற்று கொண்டுபோகும். அந்த ஓய்வு நேரத்தில் உயிர் இழந்தோர் உலகமெங்கும் உண்டு.

புயலின் பின் நிகழ்ந்த மாற்றத்தை நம்மவர் போதியளவு கவனிக்கவில்லை. தென்னை அழிந்தபடியால் ஓலையும் அழிந்தது. புதிதாக நட்ட தென்னை பயன்தர ஆறேழு ஆண்டு செல்லும். கிடுகு பின்னும் தொழில் நலிந்தது. வீடிழந்தோர் தகரத்தையும் அஸ்பெஸ்டஸ் தகட்டையும் நாடினர். ஒரே இரவு ஒரு பிரதேசத்தின் கூரையையே மாற்றிவிட்டது எனலாம். தகரம் ஓட்டைவிடப் பன்மடங்கு இலேசானது. தளர்ந்து பறக்கும் தகரத்தின் விளிம்போ கத்திக்கு ஒப்பானது. ஓட்டை நம்பிய பிழையின் பின், அதனினும் இலேசான பொருளைத் தலைக்குமேல் வைத்தோம். அதைத் தாங்கும் கட்டு இல்லாவிடில் நிலைமை முன்னையதைவிட மோசமாகும்.

இதனை அரசும் உணர்ந்தது. 1980இல் வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சு, கடுங்காற்றுக்கேற்ற கட்டட வடிவமைப்புப் பற்றிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டது. நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கிழக்குக் கரையோரம் முதலாம் வலயத்தில் அடங்கியது. இவ்வலயத்தில் சாதாரண வீடொன்று விநாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 110 மைல் வேகக் காற்றைத் தாங்குமாறு கட்டப்பட வேண்டும் என்பது அந்நூலின் கணக்கு. மருத்துவமனை போன்ற கட்டடங்களுக்கு அதனினும் கூடிய வேகம் கொள்ளப்பட்டது. பொறியியலாளர் மேசைகளுக்கு அந்நூல் சென்றது. ஓடாவியின் கைக்கும் மேசனின் கைக்கும் அது எவ்வளவு தூரம் சென்றது என்பதை இன்று ஊரில் எழும் வீடுகளைப் பார்த்தே நேயர்கள் முடிவு செய்யலாம்.

அந்நூலின் சாரத்தைக் கணக்கின்றிச் சொல்வதாயின், பழைய கயிற்றை இரும்பினாலும் கொங்கிறீற்றினாலும் மீண்டும் கட்டுவதே அது. அத்திவாரத்திலிருந்து முகடு வரை ஒவ்வொரு பகுதியும் தனக்குக் கீழுள்ளதை இறுகப் பற்றியிருக்க வேண்டும். சுவரின் தலைமேல் வீட்டைச் சுற்றி ஒரு கொங்கிறீற்று வளையம்; அதில் முன்கூட்டியே புதைத்து வைத்த இரும்புப் பட்டிகள்; அப்பட்டிகளால் வளையும், வளையோடு கைமரமும் பிணைக்கப்படல். தகரத்தையும் அஸ்பெஸ்டஸ் தகட்டையும் வெறும் ஆணியால் அறையாமல் கொளுக்கி ஆணியால், ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் சற்று அகலமாகவும் பிணைத்தல். அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசி சுவாசப்பைக்குப் பெருங்கேடு. ஆதலால் பழைய தகட்டைக் கழற்றும் வேலையில் பிள்ளைகளை ஈடுபடுத்தலாகாது. ஓட்டுக் கூரையாயின் இறவாரத்து இரண்டு மூன்று வரிசைகளையும் முகட்டோட்டையும் சாந்தினாலோ கம்பியினாலோ பிணைத்தால் இழுப்பு தொடங்கும் இடமே அடைபட்டுப் போகும். நாற்புறமும் சரிந்த கூரை, முக்கோணச் சுவர் கொண்ட இருபுறக் கூரையைவிடக் காற்றை நன்கு தாங்கும். முன்மண்டபத்துக் கூரையை நடுவீட்டுக் கூரையின் தொடர்ச்சியாக நீட்டாமல் தனியே தாழ்த்திக் கட்டினால், மண்டபக் கூரை போனாலும் வீட்டுக் கூரை எஞ்சும். நடுவீட்டை ஒரு காலத்திலும் மண்டபத்தை இன்னொரு காலத்திலும் கட்டும் எங்கள் பழக்கத்துக்கு இது மிகப் பொருத்தமான முறை. ஆனால் அழகுக்காக ஒரே சரிவாக நீட்டுவோரே அதிகம்.

ஆனால் கயிற்றுக்கும் இரும்புக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கயிறு இற்றால் கண்ணுக்குத் தெரியும். இரும்பு மறைவில் இறக்கும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் காற்றே உப்பு. சுவருக்குள் புதைந்த பட்டி பத்துப் பதினைந்து ஆண்டில் கறல் பிடித்துத் தாள் போல் மெலியலாம். மேலே பூச்சு வெள்ளையாகவே இருக்கும். கடல் மண்ணைச் சீமெந்தோடு கலந்து கட்டிய கட்டடத்தில் இக்கேடு இன்னும் விரைவில் வரும். அம்மண்ணிலுள்ள உப்பு உள்ளே இருக்கும் கம்பியை அரிக்க, கம்பி ஊதி, கொங்கிறீற்று வெடித்து உதிரும். சுவரிலோ விட்டத்திலோ நெடுக ஓடும் மயிர்க்கோடு போன்ற வெடிப்பும் அதனருகே செந்நிறக் கறையும் தோன்றினால் பூச்சு பூசி மறைக்கலாகாது. தட்டி உதிர்த்து, கறலைச் சுரண்டி, புதிதாகக் கட்டவேண்டும். ஆற்று மணல் விலை ஏறும் காலங்களில் கடல் மண் இரவோடிரவாக வளவுக்குள் வந்து குவிவதை யாரும் அறியாதார் அல்லர்.

பாடசாலைகளில் சம்பவத் திரட்டு என்னும் புத்தகம் ஒன்று உண்டு. அதிபராக இருப்பவர் அன்றன்று நிகழ்ந்தவற்றை அதில் பதிய வேண்டும். எந்தக் கட்டடத்தின் கூரை எப்போது பழுது பார்க்கப்பட்டது என்பதை, எனக்கு முன்னிருந்த அதிபர் மாற்றலாகிச் சென்ற பின்னரும் அப்புத்தகத்தைப் புரட்டி நான் அறிந்துகொள்கிறேன். வீட்டுக்கும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருந்தால் என்ன? கூரை போட்ட ஆண்டு, பட்டி கட்டிய ஆண்டு, மின்கம்பி மாற்றிய ஆண்டு, மலக்குழி அமைந்த இடம், கட்டியவர் யார் என்பவற்றை எழுதி வைக்கலாம். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும்போது உறுதிப்பத்திரத்தோடு இக்கொப்பியும் செல்லட்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு இதனைக் கேட்கமாட்டார். கேட்க வேண்டியவள் மகளே.

இனி வேலி. முன்னாளில் வளவுக்கு வளவு கிடுகு வேலி. பெண்களின் மறைவுக்காக உயரமாகவே கட்டப்படும். கதியால் தளர்ந்தால் சாயும். காற்று அதனூடே ஊடுருவும். அவ்வுயரத்தைக் குறைக்காமலே அதன் இடத்தில் மதில் எழுந்தது. ஒற்றைக் கல் கனத்தில், ஆழமற்ற அத்திவாரத்தில், மணலின் மேல், ஆறடி ஏழடி உயரத்தில் நெடுக ஓடும் மதில் காற்றின் முழு விசையையும் ஏற்கிறது. பத்தடிக்கு ஒரு தூணாவது இல்லாத மதில் வீட்டைக் காப்பதில்லை. வீதியில் செல்வோரை அச்சுறுத்துகிறது. வெள்ள நீர் ஒருபுறம் தேங்கி மறுபுறம் வடியாதபோதும் இத்தகைய மதில் விழும். அடியில் நீர் கழியும் துளைகளை விட்டுக் கட்டுவது சிறு வேலை. அயலார் நீர் நம் வளவுக்குள் வருகிறது என்று அத்துளைகளை அடைத்துப் பிணங்குவதும் ஊரில் நடப்பதே!

நீரைப் பற்றி நெடுகப் பேச இன்று நேரமில்லை. 1957 டிசம்பர் வெள்ளமும் 2011 ஜனவரி வெள்ளமும் மட்டக்களப்பு மாவட்டம் மறவாதவை. வாவி பெருகும்போது முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது இங்கு தொன்றுதொட்ட முறை. வெட்டும்வரை தாழ்ந்த வளவுகளில் நீர் நிற்கும். நிலமட்டத்திலிருந்து வீட்டுத் தளத்தை உயர்த்துவதும், சுவிட்சுப் பெட்டியையும் செருகிகளையும் முழங்காலுக்கு மிக மேலே வைப்பதும், நீர் ஏறுமுன் பிரதான சுவிட்சை நிறுத்துவதும், வெள்ளம் வடிந்தபின் மின்வேலை அறிந்தவர் பார்க்கும்வரை அதைத் தொடாமலிருப்பதும் இன்றியமையாதவை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடற்கரைப் பக்கத்து வீடுகளை அழித்தபோது, சுவரை உடைத்தது ஒருபுறமிருக்க, அத்திவாரத்தின் அடியிலிருந்த மணலையே அரித்துச் சென்றது. அதன்பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என முதலில் விதித்துப் பின்னர் தளர்த்தினர். நிலம் இல்லாத ஊரில் அவ்விதி நிலைக்காதது வியப்பன்று. அத்தகைய அலைக்குக் கட்டடத்தைவிட ஓட்டமே துணை. காற்றின் செய்தி அவ்வாறன்று. காற்றுக்கு வீட்டை ஆயத்தம் செய்ய முடியும்.

புயல் அறிவிப்பு வந்தபின் செய்யக்கூடியவை சில உண்டு. மாடியிலும் தாங்கியிலும் வைத்த தண்ணீர்த் தொட்டியை நிரப்பி விடுங்கள். வெறுந்தொட்டி பறக்கும், நிறைதொட்டி நிற்கும். வீட்டுக்கு மேல் சாய்ந்த தென்னையின் காய்ந்த மட்டையையும் தேங்காயையும் இறக்குங்கள். எல்லாக் கதவு சாளரங்களையும் சாத்தித் தாழிடுங்கள். பழைய தாழ்ப்பாளை நம்பாமல் குறுக்கே ஒரு சட்டம் அறையுங்கள். பத்திரங்களையும் குர்ஆன் பிரதிகளையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பொலித்தீன் உறையிலிட்டு ஒரே பெட்டியில் வையுங்கள். பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்று வீட்டில் இருக்கட்டும். மின்சாரமும் கைத்தொலைபேசிக் கோபுரமும் விழுந்த இரவில் அதன் அருமை தெரியும். ஆனால் கைமரத்தை வளையோடு கட்டும் வேலை அன்று செய்யத்தக்கதன்று. அது ஆவணியில் செய்யவேண்டியது.

ஆவணியில் ஏணி சாத்துவோரும் பெரும்பாலும் முன்வீட்டுக்கே சாத்துவர். மகளும் மருமகனும் வாழும் வீடு அது. புது ஓடு, புது மரம். அவ்வீட்டுக்குப் புதுக்கூரை போட்டபோது கழற்றிய பழைய தகரமும் உளுத்த சலாகையும் எங்கே சென்றன? வளவின் பின்புறத்தில், கிணற்றடிக்கு அப்பால், வாப்பாவும் உம்மாவும் ஒதுங்கியிருக்கும் சிறு வீட்டின் மேலே அவை கிடக்கின்றன. ஆணி துளைத்த பழைய ஓட்டைகளில் மறுபடி ஆணி பிடிக்காது. ஆகவே தகரத்தின் மேல் நாலைந்து கருங்கல்லும், உடைந்த உரலின் பாதியும், சக்கரம் கழன்ற துவிச்சக்கர வண்டியின் சட்டமும் பாரத்துக்காக ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று வீடு கட்டிக் கொடுத்தவரின் தலைக்கு மேல் இருக்கும் கூரை அது. அக்கல்லை இறக்கிவிட்டுத் தகரத்தைக் கொளுக்கி ஆணியால் பிணைத்து, நான்கு மூலையிலும் பட்டி கட்ட ஓடாவிக்கு ஒரு நாள் வேலை.